வெயிட் வைத்தும் அடங்காத ஃபேன்: கூரையிலேயே சமன் செய்வது பற்றி

கூரைக்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே ஒரு வணிகக் கட்டடத்தில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். கூரையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொல்லை தருகிறது. 30 கிலோவாட் மோட்டார், பெல்ட் டிரைவ், ஃபேன் வேகம் நிமிடத்துக்கு 960 சுற்று. மோட்டாரும் ஃபேனும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பேஸில், ஸ்பிரிங் மேல் நிற்கின்றன. ஒரு பக்கம் மட்டும் காற்றை இழுக்கும் வகை. காற்றைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஷாஃப்டின் ஒரு முனையில் தொங்குகிறது, மறுமுனையில் புல்லி, நடுவில் இரண்டு பேரிங்.

அதிர்வு கூடினால் காண்ட்ராக்டரைக் கூப்பிடுவோம். வருவார்கள், இம்பெல்லர் பக்கப் பேரிங்கில் சென்சாரை ஒட்டுவார்கள், பிளேடில் ஒரு துண்டு இரும்பை வெல்டிங் வைப்பார்கள், ரீடிங் இறங்கும், ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே கதை. மேல்மாடி அலுவலகத்தில் இருப்பவர்கள் மேஜை நடுங்குகிறது என்று சொல்கிறார்கள். பேலன்சிங் சரியாகச் செய்யவில்லையா, அல்லது இம்பெல்லரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ்_ரோட்டர்:
கழற்றி அனுப்புங்கள் என்பதுதான் என் கருத்து. நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஹார்ட் பேரிங் மெஷின் (சுழலும் பாகத்தின் எடை ஏறுமாறை அளக்கும் இயந்திரம்) இருக்கிறது. ஷாஃப்டோடு இம்பெல்லரை ரோலர்மேல் வைத்துச் சுழற்றினால் எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் என்று நேராகக் காட்டும். சோதனை எடை (விளைவைப் பார்க்கத் தற்காலிகமாக வைக்கும் எடை), ஊகம் எதுவும் வேண்டாம். ஃபேனுக்கு ஜி 6.3 தரம் (எவ்வளவு எடை ஏறுமாறு மிச்சம் இருக்கலாம் என்ற அளவுகோல்) போதும். கூரையில் பெர்மிட் வாங்கி, மழைக்கும் மின்னலுக்கும் காத்திருந்து வெல்டிங் வைப்பதைவிட இது சுத்தமான வேலை.

ஃபேஸ்_பார்ப்பவர்:
கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள். இறங்கிய அதிர்வு சில மாதத்தில் திரும்புகிறது என்றால் இரண்டில் ஒன்று. சமனின்மை, அதாவது எடை ஏறுமாறு, உண்மையிலேயே புதிதாக உண்டாகிறது. பிளேடில் அழுக்கு படிவது, துரு, பிளேடுக்குள் தண்ணீர் புகுவது போல. இல்லையென்றால் கோளாறு சமனின்மையே இல்லை, வேறொன்றின்மேல் வெயிட்டை வைத்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுழற்சி வேகத்திலேயே அதிர்வு வந்தால் உடனே சமனின்மை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளைந்த ஷாஃப்ட், மையம் தப்பிய புல்லி, அடித்தளத்தின் இயல்பதிர்வு வேகத்தோடு ஒன்றிப்போவது, இவை எல்லாமே அதே அலைவெண்ணில்தான் நிற்கும். பிரித்துக் காட்டுவது ஃபேஸ் கோணம்தான், அதாவது ஷாஃப்டில் உள்ள ஒரு குறியிலிருந்து அதிர்வின் உச்சம் எத்தனை டிகிரி தள்ளி வருகிறது என்பது.

ஆகவே முதலில் இவற்றை எடுத்துப் போடுங்கள்: இரண்டு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து, அச்சுத் திசை ரீடிங், ஒவ்வொன்றுக்கும் ஃபேஸ். சுற்றை எண்ணும் டேக்கோவுக்கு ஷாஃப்டில் பிரதிபலிப்பு டேப் ஒன்று ஒட்டினால் போதும். பக்கத்தில் அதே வேகத்தில் ஓடும் ஃபேன் இருந்தால் அந்த நேரம் மட்டும் நிறுத்தி வையுங்கள். 960-இல் ஒன்றும் 966-இல் ஒன்றும் ஓடினால் பத்து வினாடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்தும் பிரிந்தும் ரீடிங்கை ஏற்றி இறக்கும், ஃபேஸும் ஊசலாடும். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி இருந்தால் வேகத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. அதிர்வு திரும்பிய நேரங்களில் பெல்ட் மாற்றினீர்களா?

கூரைக்காற்று:
நன்றி அண்ணே. பெல்ட் பற்றி யாருமே கேட்டதில்லை. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி இரண்டு தடவையும் பெல்ட் மாற்றிய பிறகுதான் அதிர்வு கூடியிருக்கிறது.

கடைகள் மூடிய பிறகு, பக்கத்து ஃபேனை நிறுத்தி எடுத்த ரீடிங், எல்லாம் மி.மீ/வினாடி ஆர்எம்எஸ்:

இம்பெல்லர் பக்கம்: கிடைமட்டம் 6.8, செங்குத்து 2.4
புல்லி பக்கம்: கிடைமட்டம் 11.2, செங்குத்து 3.1, அச்சு 2.0

புல்லி பக்க ஃபேஸ் கிடைமட்டத்தில் 150 டிகிரி, செங்குத்தில் 158. ஸ்பெக்ட்ரத்தில் 16 ஹெர்ட்ஸ்தான் உயரமாக நிற்கிறது. 32-இல் சிறிதாக ஒன்று, வேறு பெரிதாக எதுவும் இல்லை.

ஃபேஸ்_பார்ப்பவர்:
நல்ல ரீடிங். இதிலேயே மூன்று தடயம் இருக்கிறது.

ஒன்று, தொங்கும் இம்பெல்லரில் எடை ஏறுமாறாக இருந்தால் அதன் பக்கத்துப் பேரிங்தான் அதிகம் ஆட வேண்டும். உங்களுக்கு மறுமுனையில் இருக்கும் புல்லி பக்கம் அதிகம்.

இரண்டாவது, கிடைமட்டம் செங்குத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். மோட்டார் பக்கத்தில் நிற்பதால் பெல்ட் இழுப்பதும் அதே கிடைமட்டக் கோட்டில்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். எடை ஏறுமாறு தரும் விசை ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது. கிடைமட்டச் சென்சாரைத் தாண்டி கால் சுற்று கழித்துத்தான் செங்குத்துச் சென்சாருக்கு வரும். அதனால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். உங்களுக்கு 8 டிகிரி. ஏதோ ஒன்று ஒரே கோட்டில் இழுத்து இழுத்து விடுகிறது என்று அர்த்தம். பெல்ட் கோடும் அதுவே என்பதால் என் சந்தேகம் புல்லிமேல்.

புல்லி மையம் தப்பி உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் ஒருமுறை இறுகித் தளரும். அதை இம்பெல்லரில் வைக்கும் எடையால் சரிசெய்ய முடியாது. சுழலும் விசையால் ஒரு திசையில் அந்த இழுப்பைக் குறைக்கலாம். அதற்குச் செங்குத்தான திசையில் புதிய ஆட்டத்தை அதுவே உண்டாக்கும். சென்சார் வைத்த ஒரு இடத்தில் மட்டும் எண் இறங்கும், ரிப்போர்ட்டும் அழகாக வரும்.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி (லாக்கவுட்), பெல்ட்டைக் கழற்றி, புல்லி விளிம்பில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். புல்லியை ஷாஃப்டில் பிடித்திருக்கும் கூம்பு வடிவ டேப்பர் புஷ்ஷைத் திறந்து உள்பக்கத்தையும் பாருங்கள்.

துவாஸ்_ரோட்டர்:
அந்த ஃபேஸைப் பார்த்த பிறகு என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் மெஷினில் ஏறும்போது இந்தப் புல்லியும் பெல்ட் இழுப்பும் கூடவே வராது. ரோட்டர் (சுழலும் பாகம்) சுத்தமாகச் சமன் ஆகிவிடும், திரும்ப மாட்டினால் அதே ஆட்டம். ஆனால் வெல்டிங் பழுது பார்த்த இம்பெல்லர், புதிய பிளேடு போட்டது, ஷாஃப்ட் மாற்றியது என்றால் ஒர்க்‌ஷாப் தவிர வேறு வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி அனுப்பும்போது சாவியையும் (ஷாஃப்டையும் இம்பெல்லரையும் பூட்டும் இரும்புத் துண்டு) சேர்த்து அனுப்புங்கள். ஷாஃப்டைத் தனியாகச் சமன் செய்தால் சாவிப்பள்ளத்தில் அரைச் சாவி போட்டுத்தான் சுழற்ற வேண்டும். இதில் இரண்டு தரப்பும் வேறு வேறு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பேலன்ஸ் செய்த ரோட்டரே ஆடும்.

பாலி_மின்னணு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாலிடெக்னிக் கடைசி வருட மாணவி. என் புராஜெக்ட்டே இதுதான்: இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர், ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானி, ஒரு அகச்சிவப்பு டேக்கோ வைத்து பேலன்சிங் கருவி செய்வது. விற்கும் கருவிகளின் விலை சின்ன காண்ட்ராக்டர்களுக்கு எட்டாது என்பதால் எடுத்தேன். எஃப்எஃப்டி (சிக்னலை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் அளவு ஓரளவு வருகிறது, ஃபேஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் 20, 30 டிகிரி தாவுகிறது. இந்தச் சிப் போதுமா?

ஃபேஸ்_பார்ப்பவர்:
தங்கச்சி, நல்ல புராஜெக்ட். இதில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் சிப். 960 சுற்று என்றால் 16 ஹெர்ட்ஸ். அதில் 5 மி.மீ/வினாடி அதிர்வு முடுக்கமாக மாறினால் சுமார் 0.05 ஜி (இந்த ஜி புவியீர்ப்பு முடுக்கம், மேலே சொன்ன ஜி தரம் வேறு). இந்தச் சிப்பின் ஒரு படி 3.9 மில்லி ஜி, ஆக 13 படி அளவுக்குச் சிக்னல் கிடைக்கும். சராசரி எடுத்தால் வேலை நடக்கும். ஆனால் 240 சுற்றில் ஓடும் கூலிங் டவர் ஃபேனில் அதே 5 மி.மீ/வினாடி வெறும் 0.013 ஜி, மூன்று படிதான். அங்கே இந்தச் சிப்பை நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் நாங்கள் பயன்படுத்தும் பீசோ சென்சார் பெரும்பாலும் ஒரு ஜிக்கு 100 மில்லிவோல்ட் தரும் வகை. மெதுவாக ஓடும் இயந்திரத்துக்கு அதிலும் 500 தரும் வகையை எடுப்போம்.

உன் பிரச்சினை சிப் அல்ல, நேரம். 16 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிவினாடி பிசகினால் ஃபேஸில் 5.8 டிகிரி. 3,000 சுற்றில் அதே பிசகு 18 டிகிரி. டேக்கோ பல்ஸை மெயின் லூப்பில் வாசிக்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே வைஃபை, டிஸ்பிளே எல்லாம் நடுவில் புகுந்து ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு தாமதம் தரும். பல்ஸை இன்டரப்ட்டில் (மற்ற வேலையை நிறுத்தி உடனே கவனிக்கும் வழி) பிடித்து மைக்ரோவினாடி நேரத்தைப் பதிந்துவிடு. முடுக்கமானியின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதே கடிகாரத்தில் நேரம் வேண்டும். சிப்பின் டேட்டா ரெடி பின்னையும் இன்டரப்ட்டில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

எஃப்எஃப்டியும் தேவையில்லை. அதில் உன் 16 ஹெர்ட்ஸ் அது பிரிக்கும் இரண்டு அலைவெண் பெட்டிக்கு நடுவில் விழுந்தால் அளவும் குறையும், ஃபேஸும் கெடும். இரண்டு டேக்கோ பல்ஸுக்கு நடுவில் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு சாம்பிளுக்கும் உனக்குத் தெரியும். அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கி ஒரு கூட்டல், சைனால் பெருக்கி ஒரு கூட்டல். முழுச் சுற்றுகளுக்கு மட்டும் சராசரி எடு. சுழற்சியோடு ஒட்டாத எல்லாம் தானாகக் கரைந்துவிடும், மிச்சம் இருக்கும் இரண்டு எண்தான் உன் வெக்டர் (அளவும் கோணமும் சேர்ந்தது). 100 சுற்று எடுத்தால் தாறுமாறான இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். 16 ஹெர்ட்ஸில் அதற்கு ஆறேகால் வினாடிதான் ஆகும்.

இன்னொன்று. மாறாத தாமதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஃபில்ட்டர் 12 டிகிரி தள்ளினால் முதல் ஓட்டத்திலும் 12, சோதனை எடை வைத்த ஓட்டத்திலும் 12, கணக்கில் இரண்டும் அடிபட்டுவிடும். வேகமும் சென்சார் இடமும் மாறாமல் இருந்தால் போதும். ஒரே நிலையில் பலமுறை எடுத்து ஃபேஸ் இரண்டு மூன்று டிகிரிக்குள் நிற்கிறதா என்பதுதான் உன் கருவிக்கான பரீட்சை.

செம்பவாங்_எஞ்சின்ரூம்:
கப்பல் பழுது பார்க்கும் பக்கம் இருக்கிறேன். டேக்கோவே இல்லாமல் நாங்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. எடை இல்லாமல் ஒரு ஓட்டம், அதே எடையை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்து மூன்று ஓட்டம். நான்கு அளவையும் வைத்துக் காம்பஸால் வட்டம் போட்டால் மூன்று வட்டமும் ஒன்றையொன்று வெட்டும் இடம் விடை. ஃபேஸ் தேவையில்லை. ஆனால் நான்கு முறை நிறுத்தி ஓட்ட வேண்டும். பெரிய மோட்டாரை அடிக்கடி ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள், அது ஒரு சங்கடம்.

ஃபேஸ்_பார்ப்பவர்:
அந்த முறையில் விடை கிடைக்கும், ஆனால் கூரைக்காற்று சொல்லும் இந்தக் கோளாறை அது காட்டிக்கொடுக்காது. வெறும் அளவை மட்டும் பார்த்தால் புல்லி என்றும் இம்பெல்லர் என்றும் பிரிக்க முடியாது. ஃபேஸை அளந்து ரோட்டரின் இரண்டு பக்கத் தளங்களிலும் சமன் செய்யும் கணக்கை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த தியர்ல் 1934-இலேயே வெளியிட்டுவிட்டார். இன்றைய கருவிகள் உள்ளே செய்வதும் அடிப்படையில் அதுதான்.

கூரைக்காற்று:
பார்த்துவிட்டேன். புல்லி விளிம்பில் டயல் கேஜ் ஒரு சுற்றுக்கு 0.6 மி.மீ ஆடியது. புஷ்ஷைத் திறந்தால் கூம்புப் பரப்பில் துருவும் பழைய பெயிண்ட்டும். சுத்தம் செய்து, புதிய புஷ் போட்டு, ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். இப்போது ஆட்டம் 0.08. புல்லி எடை 20 கிலோ.

ஆனால் ஒரு கவலை. புல்லி பக்கக் கிடைமட்டம் 11.2-இலிருந்து 3.4-க்கு இறங்கிவிட்டது. இம்பெல்லர் பக்கமோ 6.8 இருந்தது 8.0 ஆகிவிட்டது! ஃபேஸ் 60 டிகிரி. செங்குத்து 5.7, ஃபேஸ் 147.

ஃபேஸ்_பார்ப்பவர்:
கவலைப்பட வேண்டாம், இது நல்ல செய்தி. 147-இல் 60 போனால் 87. இப்போதுதான் உங்கள் ஃபேன் சமனின்மை என்று சொல்லக்கூடிய முகத்தைக் காட்டுகிறது. ஏறிய அளவு பெரும்பாலும் பழைய காண்ட்ராக்டர் வைத்த வெயிட்டாக இருக்கும். புல்லிக்கு எதிராக வைத்தது, புல்லி நேரானதும் தானே சுமையாகிவிட்டது.

புல்லி கணக்கையும் பாருங்கள். 0.6 ஆட்டம் என்றால் மையம் தப்பியது 0.3 மி.மீ. 20 கிலோவோடு பெருக்கினால் 6,000 கிராம் மி.மீ. சுழலும் பாகம் மொத்தம் எத்தனை கிலோ?

கூரைக்காற்று:
இம்பெல்லர், ஷாஃப்ட், புல்லி எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வரைபடத்தில் இருக்கிறது. 10 பிளேடு. எடை வைக்கக்கூடிய ஆரம் 350 மி.மீ.

ஃபேஸ்_பார்ப்பவர்:
சரி. ஜி 6.3-க்கு அனுமதிக்கப்படும் சமனின்மை: 9,549 (அலகு மாற்றும் எண்) ஐ 6.3-ஆலும் 90-ஆலும் பெருக்கி 960-ஆல் வகுத்தால் சுமார் 5,640 கிராம் மி.மீ. 350 ஆரத்தில் அது 16 கிராம். முழு ரோட்டருக்கும் உள்ள அனுமதியை அந்தப் புல்லி ஒன்றே தாண்டியிருந்தது, பெல்ட் இழுப்பு அதற்கும் மேல் தனி. அதே கணக்கு ஐஎஸ்ஓ 1940 என்ற எண்ணுள்ள பன்னாட்டுத் தரநிலையில் இருந்தது. 2016 முதல் ஐஎஸ்ஓ 21940-11.

இனிச் சோதனை எடை. ரோட்டர் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை வருமாறு எடுப்பது வழக்கம், உங்களுக்கு 25 கிராம் வரும். 30 வைத்தாலும் பாதகமில்லை. காந்தத்தில் ஒட்டாதீர்கள், போல்ட் போட்டு இறுக்குங்கள். ஓடும்போது இம்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. அளவு 30 சதவீதமாவது மாற வேண்டும், அல்லது ஃபேஸ் 30 டிகிரியாவது மாற வேண்டும். இரண்டும் மாறாவிட்டால் அந்த ஓட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிளேடுகளுக்கு சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிவிடுங்கள், சோதனை எடை ஒன்றாம் பிளேடில்.

கூரைக்காற்று:
30 கிராம், ஒன்றாம் பிளேடு. ரீடிங் 6.0, ஃபேஸ் 100 டிகிரி. சென்சாரைத் தொடவில்லை, வேகம் அதே 960.

ஃபேஸ்_பார்ப்பவர்:
ஃபேஸ் 40 டிகிரி மாறியிருக்கிறது, போதும். தாளில் போடுங்கள், கருவி சொல்வதைக் கையால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மையத்திலிருந்து 60 டிகிரியில் 8 நீளக் கோடு, 100 டிகிரியில் 6 நீளக் கோடு. முதல் கோட்டின் முனையிலிருந்து இரண்டாவதன் முனைக்குப் போகும் அம்புதான் 30 கிராமின் விளைவு: நீளம் 5.14, திசை 191.4 டிகிரி. நமக்கு வேண்டியது முதல் கோட்டுக்கு நேர் எதிர், அதாவது 240 டிகிரியில் 8. எனவே எடை 30 × 8 ÷ 5.14 = 46.7 கிராம். கோணம் 240-இல் 191.4 போக 48.6 டிகிரி நகர்த்த வேண்டும்.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் கருவி ஃபேஸைப் பின்தங்கலாகக் காட்டுவது என்றால், கோணம் கூடுவது சுழற்சிக்கு எதிர்த்திசை. அந்தத் திசையில்தான் எண் எழுதச் சொன்னேன். 10 பிளேடு என்றால் 36 டிகிரிக்கு ஒன்று. 48.6 இரண்டாம் பிளேடுக்கும் மூன்றாம் பிளேடுக்கும் நடுவில் விழும். பிரித்தால் இரண்டில் 31.5 கிராம், மூன்றில் 17.3.

ஆனால் வெல்டிங் வைக்கும் முன் சொல்லுங்கள், பழைய வெயிட் எந்தப் பிளேடில் இருக்கிறது?

கூரைக்காற்று:
ஏழாம் பிளேடில், அண்ணே. மூன்று துண்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்று.

ஃபேஸ்_பார்ப்பவர்:
ஏழாம் பிளேடு 216 டிகிரி. 48.6-க்கு நேர் எதிர் 228.6. பன்னிரண்டு டிகிரி வித்தியாசம்தான். எடை சேர்க்க வேண்டாம். சோதனை எடையைக் கழற்றிவிட்டு, ஏழில் இருப்பதை கிரைண்டரில் எடுத்து, எடை போட்டுப் பாருங்கள். பிளேடைக் காயப்படுத்தாமல் வெல்டிங்கை மட்டும் சீவுங்கள்.

கூரைக்காற்று:
ஹாட் ஒர்க் பெர்மிட் வாங்கி நேற்று இரவு முடித்தோம். எடுத்த துண்டுகள் 44 கிராம். வேறு எதுவும் சேர்க்கவில்லை. இம்பெல்லர் பக்கம் கிடைமட்டம் 1.8, செங்குத்து 1.3. புல்லி பக்கம் 1.6. மேல்மாடியில் காலையில் போய்க் கேட்டேன், ஃபேன் ஓடுகிறதா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். இத்தனை மாதம் காசு கொடுத்து வைத்த எடைதான் கடைசியில் ஆட்டியிருக்கிறது.

துவாஸ்_ரோட்டர்:
மிச்சம் பத்து கிராம் அளவு இருக்கும், அனுமதி 16-க்குள். இதற்கு மேல் துரத்த வேண்டாம். அடுத்த பெல்ட் மாற்றத்தில் புஷ்ஷைத் திறந்தால் மூடும்போது டயல் கேஜ் வைத்துவிட்டுத்தான் பெல்ட் போட வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆள் மாறினாலும் அது இருக்கும்.

பாலி_மின்னணு:
இன்டரப்ட்டுக்கு மாற்றினேன், கொசைன், சைன் பெருக்கலும் போட்டேன். மேஜை ஃபேனில் எடுத்தால் ஃபேஸ் இப்போது 3 டிகிரிக்குள் நிற்கிறது. உண்மையான இயந்திரத்தில் போட்டுப் பார்க்க எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

கூரைக்காற்று:
எங்கள் கூரைக்கு வாருங்கள். மேனேஜரிடம் பேசிவிட்டேன், உங்கள் ஆசிரியர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார். சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் கொண்டு வாருங்கள். உங்கள் பெட்டியையும் எங்கள் கருவியையும் ஒரே பேரிங்கில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அதே 30 கிராமை ஒன்றாம் பிளேடில் போட்டு எடுத்துப் பார்க்கலாம். கடைகள் மூடிய பிறகுதான், பத்தரைக்கு மேல் ஆகும்.

ஃபேஸ்_பார்ப்பவர்:
நானும் வருகிறேன். இரண்டு சென்சாருக்கும் ஒரே டேக்கோ பல்ஸைப் பிரித்துக் கொடுக்கும் வயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. தங்கச்சி, உன் போர்டு 3.3 வோல்ட் என்பதால் பல்ஸை நேராகக் கொடுக்காதே, ஆப்டோகப்ளர் ஒன்று போட்டு எடுத்து வா.